பெண் குழந்தைக்குத் தனிக்கோடு: வளர்ச்சி அட்டையின் வரலாறு

பிறந்த குழந்தை ஒழுங்காக வளர்கிறதா என்று கணக்கு வைக்கும் வழக்கம் குழந்தையைத் தராசில் எடை போடுவதைவிடப் பழையது. தமிழில் அந்தக் கணக்கைப் பிள்ளைத்தமிழில் பார்க்கலாம். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துக்கொள்ளும் இந்தச் சிற்றிலக்கியம் மூன்றாம் மாதத்துக் காப்புப் பருவத்தில் தொடங்குகிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கை கொட்டும் பருவம். பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடை நடந்து வரும்படி அழைக்கும் பருவம். பாட்டியல் நூல்களுக்குள் மாதக் கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் முதல் ஏழு பருவங்களும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதில் மாற்றமில்லை. அவற்றுக்குப் பிறகுதான் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை என்றும் வழி பிரிகிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியை இந்த வரிசையில்தான் வளர்த்துப் பாடினார்.

இதைக் கவிஞர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நலமான குழந்தைகள் பிடிப்பில்லாமல் தனியே நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 18 மாதம் வரை பரவியிருக்கிறது. நடுப்புள்ளி 12 மாதம். வருகைப் பருவத்தைப் பதின்மூன்றில் வைத்தவர்கள் குழந்தைகளைக் கண்ணால் பார்த்து எழுதியவர்கள். அந்த அளவீட்டை எடுத்த ஆய்வுக் குழுவும் உட்கார்வது, நிற்பது, நடப்பது ஆகியவற்றில் ஆண், பெண் வேறுபாடு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று கண்டு, இரு பாலுக்கும் ஒரே அட்டவணையைத்தான் கொடுத்தது.

வீடுகளிலும் இதே கவனிப்பு இருந்தது. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது, பல் முளைப்பது, முதல் அடி வைப்பது என்று ஒவ்வொன்றையும் பாட்டிமார் விரல்விட்டு எண்ணினார்கள். பல் முளைத்தாலும் அடி வைத்தாலும் கொழுக்கட்டையோ அப்பமோ செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அரைஞாண் கயிறு இறுகினால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார்கள். அதுவும் ஒரு வகை அளவுதான். ஆனால் எடை போடுவதற்கு மட்டும் தயக்கம் இருந்தது. கண் பட்டுவிடும் என்ற அச்சம் பின்னாளில் ஊர் ஊராகத் தராசு கொண்டுபோன பணியாளர்களுக்குப் பெரிய தடையாக நின்றது.

இந்தக் கவனிப்பில் ஒரு குறை உண்டு. குழந்தை என்ன செய்கிறது என்பதை அது சொல்லும்; உடம்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லாது. இரண்டு மாதமாக எடை ஏறாத குழந்தையும் சிரிக்கும், தவழும். அன்றாடம் தூக்கி வைத்திருக்கும் தாயின் கண்ணுக்கு மெல்ல நேரும் தேய்வு தெரிவதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் அதே அளவில் மெலிந்திருந்தால் மெலிவே இயல்பாகிவிடும்.

தொடர்ந்து அளந்து குறித்து வைக்கும் முறைக்கு முதல் சான்று பிரான்சில் கிடைக்கிறது. மோன்பேயார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து 1777 வரை எழுதி வைத்தார். அவருடைய நண்பரான இயற்கை அறிஞர் புஃபோன் அதைத் தன் நூலின் பிற்சேர்க்கையில் வெளியிட்டார். வளர்ச்சி ஆய்வு நூல்கள் இன்றும் அந்தச் சிறுவனின் கோட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்து, 1892இல் பாரிஸில் பியர் புதேன் என்ற மகப்பேறு மருத்துவர், தன் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை வாரந்தோறும் கொண்டுவரச் செய்து எடை போட்டார். வயிற்றுப்போக்கால் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்த காலம் அது. நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட, நலமாக இருக்கும்போதே எடையைக் கவனித்து, தாய்ப்பால் போதுமானதாக இருக்கிறதா என்று அறிவது அவர் நோக்கம். நலமான குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோகும் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

தாயின் கைக்கு அட்டை வந்தது நைஜீரியாவில். டேவிட் மோர்லி என்ற ஆங்கில மருத்துவர் 1950களின் பிற்பகுதியில் இமெசி-இலே என்ற கிராமத்துக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்தார். அவர் உருவாக்கிய அட்டையில் கீழே மாதங்கள், பக்கத்தில் கிலோ, நடுவே மேல்நோக்கி வளைந்து ஏறும் பாதை. ‘ஆரோக்கியப் பாதை’ என்பது அதன் பெயர். மருத்துவமனைப் பதிவேட்டில் பூட்டி வைக்காமல், பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயிடமே அதைக் கொடுத்தார். தாய்மார் அட்டையைத் தொலைத்துவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. அவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். மோர்லி வற்புறுத்திய இன்னொன்று இன்றும் பலருக்குப் பிடிபடாதது: ஒரு நாளைய புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்க்கும் கோடு எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். கோடு மேலே ஏறினால் குழந்தை வளர்கிறது. படுத்துவிட்டால் எச்சரிக்கை. கீழே இறங்கினால் ஆபத்து.

ஆனால் அட்டையில் அச்சிட்ட பாதை யாருடையது? இந்தக் கேள்வியில்தான் பெண் குழந்தையின் கதை இருக்கிறது. 1966இல் டெரிக் ஜெல்லிஃப் எழுதி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு, பாஸ்டன் நகரக் குழந்தைகளிடம் எடுத்த ஹார்வர்ட் அளவைப் பரப்பியது. எளிமைக்காக ஆண், பெண் இருவரையும் சேர்த்து ஒரே சராசரி. அதன்படி ஒரு வயதுக் குழந்தை 9.9 கிலோ இருக்க வேண்டும். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 1972இல் வகுத்த தரப்பிரிவும் இதே வழியில் வந்தது. அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இயல்பு, 71 முதல் 80 வரை முதல் நிலைக் குறைபாடு, அதற்குக் கீழே மேலும் மூன்று நிலைகள். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் குழந்தைகள் இப்படித்தான் நிலை பிரிக்கப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் எடை போடுவது ஓர் இயக்கமாகவே ஆனது 1980இல். உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அந்த ஆண்டு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கி, பிறகு பல மாவட்டங்களுக்கு விரிந்தது. 1982இல் வந்த எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்தது. ஊட்டச்சத்துத் திட்டமோ ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, அதாவது தட்டை ஏந்திக்கொண்டு வர முடியாத வயதுக் குழந்தைகளைத் தேடிப்போனது. இந்தத் திட்டத்தின் நுட்பம் இதுவரை போதிய அளவு பேசப்படவில்லை. எல்லாக் குழந்தைக்கும் உணவு கொடுப்பது அதன் வழியல்ல. மாதந்தோறும் எல்லாரையும் எடை போட்டு, கடுமையாக மெலிந்தவர்களுக்கும் எடை ஏறாமல் நின்றவர்களுக்கும் மட்டும் சத்துருண்டை. 90 நாளில் அரைக்கிலோ கூடினால் பட்டியலிலிருந்து விடுவிப்பு. மோர்லி சொன்ன ‘திசை’ இங்கே உணவுக்கான தகுதியாகவே ஆனது. ஊட்டச்சத்துப் பணியாளராக அதே ஊர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். சத்துருண்டை தயாரிப்பதில் உள்ளூர் மாதர் குழுக்களும் சேர்ந்துகொண்டன.

எடை போடும் நாளின் வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குப் பொறுமை வேண்டும். உத்தரத்திலோ மரக்கிளையிலோ தொங்கும் தராசு, அதன் கொக்கியில் காலுக்கு இரண்டு துளை வைத்த துணிப்பை. முதலில் வெறும் பையைத் தொங்கவிட்டு முள்ளைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் கனத்த உடுப்பைக் கழற்ற வேண்டும். கால் தரையிலோ தாயின் சேலையிலோ படக் கூடாது. அழுது உதறும் குழந்தை ஒரு கணம் அடங்கும்போது முள்ளுக்கு நேரே கண்ணை வைத்து நூறு கிராம் வரை படிக்க வேண்டும். பிறந்த மாதம் தவறினால் நல்ல எடையும் தவறான கட்டத்தில் போய் விழும். ஆடி, ஆவணி என்று தாய் சொல்வதை ஆங்கில மாதத்துக்கு மாற்றிக் குறிப்பது அந்தப் பணியாளரின் தனித்திறமை.

இந்தத் திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. அதே ஆண்டுகளில்தான் உசிலம்பட்டி, சேலம், தருமபுரிப் பகுதிகளில் பெண் சிசுக்கொலை வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பெண் குழந்தை பிறந்த முதல் வாரத்தைக் கடப்பதே கேள்வியாக இருந்த இடங்களில், மாதந்தோறும் பெயர் சொல்லி அழைத்து எடை போடும் பதிவேட்டின் பொருள் ஊட்டச்சத்தோடு முடிவதில்லை. பெயர் எழுதப்பட்ட குழந்தையை ஊர் கேட்கும்.

இதற்கிடையே அளவுகோல் குறித்து ஒரு சண்டை நடந்தது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஏழை நாட்டுக் குழந்தைகளில் பலர் குள்ளமாக இருந்தாலும் நலமாகவே இருக்கிறார்கள் என்று வாதிட்டார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய சி. கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். வறுமையால் குறுகிய உடம்பை இயல்பு என்று ஏற்றால் வறுமையையே ஏற்றதாகிவிடும் என்பது அவர் நிலை. அவர் பக்கமே நியாயம் இருந்தது. குறுகி வளரும் பெண் குழந்தை குறுகிய தாயாகி, எடை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். அந்தச் சங்கிலியை நலம் என்று அழைக்க முடியாது.

ஆனாலும் பழைய அளவுகோல் குறையுள்ளதுதான். 1977இல் அமெரிக்கா வெளியிட்டு, உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட அளவு ஆண், பெண்ணைப் பிரித்தது. ஆனால் மூன்று வயதுக்குட்பட்டவர்களின் எண்கள் ஒஹையோ மாநிலத்தின் ஒரு பகுதியிலிருந்து வந்தவை. அவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் நலமான குழந்தை அந்தக் கோட்டில் நான்காம் மாத வாக்கில் பின்தங்குவது போலத் தெரிந்தது. ‘பால் போதவில்லை’ என்று தவறாகச் சொல்லிப் புட்டியைக் கையில் கொடுக்க அதுவே வழி திறந்தது.

1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் புதிதாக அளந்தது. பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, தெற்கு டெல்லி, நார்வேயின் ஓஸ்லோ, ஓமானின் மஸ்கட், கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகள். தாய்ப்பால் குடித்தவர்கள், புகைபிடிக்காத தாய்மாரின் பிள்ளைகள், வறுமையால் வளர்ச்சி தடைபடாத வீட்டினர். முடிவு வியப்பளித்தது: நல்ல சூழல் அமைந்தால் ஆறு இடத்துக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வளர்ந்தார்கள். 2006 ஏப்ரலில் வெளியான இந்த அளவு, குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதோடு நிற்காமல் எப்படி வளர வேண்டும் என்பதையும் சொன்னது. பெண்ணுக்குத் தனிக்கோடு. நடுக்கோட்டின்படி பிறக்கும்போது 3.2 கிலோ, ஆறாம் மாதம் 7.3, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5. ஆண் குழந்தைக்கு ஒரு வயதில் 9.6.

இந்த மாற்றம் ஒரு குழந்தையைப் பொறுத்தவரை என்ன செய்தது என்று பார்க்கலாம். ஒரு வயதில் 7.4 கிலோ இருக்கும் பெண் குழந்தை, பழைய கலப்பு அளவில் 75 விழுக்காடு. ஆகவே முதல் நிலைக் குறைபாடு. புதிய பெண் கோட்டில் எடைக்குறைவின் எல்லை 7.0 கிலோ, அவள் அதற்கு மேலே இருக்கிறாள். அதே 7.4 கிலோ ஆண் குழந்தைக்கோ எல்லை 7.7, அவன் எடை குறைந்தவன். கலப்புக் கோடு இருவரையும் ஒரே நிலையில் வைத்து இந்த வேறுபாட்டை மறைத்தது. புதிய அளவு எல்லாரையும் நலமானவர் பட்டியலில் சேர்த்துவிடவும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் முன்பைவிட அதிகமான குழந்தைகள் எடைக்குறைவாகத் தெரிந்தார்கள். கருவிலேயே தொடங்கும் குறை அப்போதுதான் கண்ணுக்குப் பட்டது.

இந்தியா 2008 ஆகஸ்ட் 15 முதல் இந்த அளவை ஏற்றது. அங்கன்வாடிப் பதிவேட்டிலும் தாய் சேய் நல அட்டையிலும் பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம் எனத் தனித்தனி வரைபடம் வந்தது. இளஞ்சிவப்புப் பக்கத்தில் பச்சைப் பட்டை இயல்பு, மஞ்சள் எடைக்குறைவு, அதற்குக் கீழே கடுமையான எடைக்குறைவு.

எடை மட்டும் போதாது என்பது கடைசியாக வந்த தெளிவு. நெடுநாள் பற்றாக்குறை உயரத்தில்தான் தெரியும். அதை எடை தனியாகக் காட்டிக்கொடுக்காது. 2018இல் தொடங்கிய போஷன் அபியான் திட்டம் அங்கன்வாடிகளுக்கு நீளம் அளக்கும் பலகையையும் உயரமானியையும் கொண்டுசேர்த்தது. இரண்டு வயது வரை குழந்தையைப் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை அழுத்திப் பாதப் பலகையை நகர்த்தி அளக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் நிற்க வைத்து அளக்கிறார்கள். நிற்கும்போது அளவு 0.7 செ.மீ. குறையும். அதனால்தான் பெண் குழந்தையின் நடுக்கோடு இரண்டாம் பிறந்தநாளில் 86.4இலிருந்து 85.7க்கு இறங்கித் தொடர்கிறது.