இடைவினை புரியும் எலெக்ட்ரான்களில் குவாண்டம் பின்னல்

ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் எலெக்ட்ரான்கள், தனித்தனியாக விவரிக்கவே முடியாதபடி ஒரே கூட்டு நிலையில் கலந்திருப்பதே குவாண்டம் பின்னல். எல்லாத் திண்மங்களிலும் இதற்கு ஒரே முக்கியத்துவம் இல்லை. சிலிக்கான் சில்லுகளில், ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன்போக்கில் ஓடுவதாகக் கொண்டே பெரும்பாலான கணக்கை முடித்துவிடலாம். தாமிர ஆக்சைடுகளிடம் அது பலிக்காது.

லாந்தனம் தாமிர ஆக்சைடில் ஒவ்வொரு தாமிர அணுவிலும் ஓர் ஒற்றை எலெக்ட்ரான் உண்டு. எலெக்ட்ரான்கள் தன்போக்கில் ஓடுவதாகக் கொள்ளும் பட்டைக் கோட்பாட்டின்படி அது உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஓர் அணுவில் இரண்டு எலெக்ட்ரான்கள் சேர ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுவதால் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே முடங்குகிறது. பக்கத்து அணுவைக் கணநேரம் எட்டிப் பார்த்துத் திரும்பலாம். இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (ஸ்பின்) எதிரெதிராக இருந்தால்தான் அதற்கும் பவுலி விதி இடம் கொடுக்கும். இதில் மிச்சமாகும் ஆற்றல் அண்டை எலெக்ட்ரான்களை இணை சேர்க்கத் தூண்டுகிறது. இணையில் எதன் தற்சுழற்சி மேல்நோக்கி, எதனுடையது கீழ்நோக்கி என்பது முன்கூட்டி முடிவாவதில்லை. ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. அதை அளந்துவிட்டால் மற்றதும் தெரிந்துவிடும். இந்தப் பின்னலின் அளவு ஒரு பிட்.

இத்தகைய இணைகளே மிகக் குறைந்த ஆற்றல் நிலையாக அமையும் ஒரு சங்கிலி மாதிரியைச் இயற்பியலர்கள் சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் 1969இல் தந்தனர். அங்கே துணை மாறுவதில்லை. எல்லா இணைசேர்க்கைகளும் ஒரே சமயத்தில் மேற்பொருந்தினால் என்ன ஆகும் என்று இயற்பியலர் பி. டபிள்யூ. ஆண்டர்சன் 1973இல் கேட்டார். லைனஸ் பாலிங் பென்சீனுக்குச் சொன்ன ஒத்ததிர்வை அவர் ஒரு படிகம் முழுமைக்கும் விரித்தார். 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடு மீகடத்தியைக் கண்டறிந்ததும் அந்தப் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1987 ஜனவரியில் பெங்களூர் மாநாட்டில் ஆண்டர்சன் அதை முன்வைத்தார். அப்போது பிரின்ஸ்டனில் இருந்த தமிழக இயற்பியலர் ஜி. பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் மூவரும் அதே ஆண்டில் அதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். ஏற்கெனவே இணைந்திருக்கும் எலெக்ட்ரான்களில் சிலவற்றை அகற்றி இடம்விட்டால், எஞ்சியவை தடையின்றி ஓடும் என்பது அவர்கள் வாதம். தூய ஆக்சைடில் தற்சுழற்சிகள் ஒழுங்காக உறைந்திருப்பதை நியூட்ரான் சோதனைகள் காட்டியதால் வாதம் அப்படியே நிலைக்கவில்லை. மீகடத்தல் பற்றிய சர்ச்சையும் ஓயவில்லை. உறையாத ‘தற்சுழற்சித் திரவம்’ என்ற கருத்துதான் இதில் நீடித்த பேறு என்று சொல்லலாம்.

அதன் துல்லியமான எடுத்துக்காட்டு, அலெக்செய் கிதயேவ் 2006இல் வெளியிட்ட தேன்கூட்டு மாதிரி. சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகியோர் 2007இல் அதை ஆராய்ந்தனர். அடுத்தடுத்த அணுக்களைத் தாண்டினால் இரு தற்சுழற்சிகளுக்கிடையிலான தொடர்பு சுத்தமாகச் சுழி என்று அவர்கள் நிறுவினர். அதனால் பின்னல் இல்லை என்றாகாது. இத்தகைய திரவத்தை மனக்கணக்கில் இரு துண்டாக்கினால், பின்னலின் அளவு எல்லையின் நீளத்தோடு வளர்கிறது. அதிலிருந்து ஒரு மாறிலி எப்போதும் கழிகிறது. கிதயேவின் மாதிரியில் அம்மாறிலி 2இன் இயல்மடக்கை. இரண்டிரண்டாக எடுத்து அளந்தால் சிக்காத பின்னல், மொத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கும்போதுதான் அகப்படுகிறது.