விமானக் கண்ணாடி டெக்ஸ்சர்

பறத்தல் சிமுலேட்டர்களில் விமான மாதிரிகளின் ஜன்னல், முன்கண்ணாடி, விமானியறை மூடி ஆகியவற்றுக்கு ஒளி ஊடுருவும் தோற்றம் தரும் படக்கோப்பு. சிவப்பு, பச்சை, நீல நிறங்களோடு இதில் ஆல்ஃபா என்னும் நான்காவது சேனலும் உண்டு. 8 பிட் ஆல்ஃபாவில் பொதுவாக 0 முழு ஊடுருவல், 255 முழு மறைப்பு. படச் சுருக்க வடிவங்களில், டிஎக்ஸ்டி1 முழு ஊடுருவல், முழு மறைப்பு என்னும் இரு நிலைகளையே தாங்கும். டிஎக்ஸ்டி3 16 நிலைகளைத் தரும். மென்மையான சாயலுக்கு டிஎக்ஸ்டி5 ஏற்றது.

உண்மையான சிக்கல் வரையும் வரிசையில் இருக்கிறது. ஒளிபுகாப் பகுதிகளை முதலில் வரைந்து, கண்ணாடியை அதன்பின் வரைய வேண்டும். வரிசை மாறினால், எது முன்னே, எது பின்னே என்று பதிந்து வைக்கும் ஆழத் தாங்கி (depth buffer) கண்ணாடிக்குப் பின்னுள்ள இருக்கைகளையும் விமானியையும் மறைத்துவிடும். கண்ணாடிக்குள் வெளிப்புறக் காட்சி மட்டுமே தெரியும். ஒரு ஜன்னல் வழியே எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கும்போதும் இதே குறை தலைகாட்டும்.

முழுக்கத் தெளிவான கண்ணாடி வெறும் ஓட்டையாகவே தெரியும். மெல்லிய சாயமும் வானத்தின் பிரதிபலிப்பும்தான் அதற்கு உயிர் தருகின்றன. எஃப்-16 போர் விமான மூடியின் பொன்னிறப் பூச்சு அதற்கு அழகான சான்று. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் கண்ணாடிக்கெனத் தனிப் பொருள்வகையே உள்ளது.