குமாரமங்கலம், பி. பி.

பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் (1 ஜூலை 1913 – 13 மார்ச் 2000): இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கக் களத்தில் பீரங்கிப்படை அதிகாரியாகப் பணியாற்றி டி.எஸ்.ஓ. விருது பெற்றவர். சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராயிருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மூத்த மகன்.

குடும்பம்: திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன், கொங்கு வேளாளர் மரபினது. அன்று சேலம் மாவட்டத்திலும் இன்று நாமக்கல் மாவட்டத்திலும் அடங்கியது. ஆக்ஸ்போர்டில் பயின்ற சுப்பராயன், 1926 தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது சுயேச்சைகளின் அமைச்சரவை அமைத்து 1930 வரை திறம்பட நடத்தினார். 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் கல்வி, சட்டத் துறைகளை ஏற்றார். அவர் துணைவியார் இராதாபாய், மங்களூர்ச் சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள். முதல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரு இந்தியப் பெண்களுள் ஒருவர். 1938இல் தில்லி மேலவையின் முதல் பெண் உறுப்பினரானார். இவர்களின் பிள்ளைகள் பிரபாகர், கோபால், மோகன், பார்வதி. இளையவர்களான மோகனும் பார்வதியும் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தனர். பார்வதி கிருஷ்ணன் பின்னர் கோவையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அண்ணன் பிரிட்டிஷ் அரசின் படையில் இருந்த காலத்திலேயே தம்பி மோகன் அதே அரசின் சதி வழக்கில் சிறைப்பட்டார்.

போர்ப்பணி: ஈட்டன் பள்ளியிலும் உல்விச் இராணுவக் கல்லூரியிலும் பயின்று 1933இல் அதிகாரியானார். 1942 மே 27 அன்று லிபியாவில், பிர் ஹக்கெய்முக்குத் தென்கிழக்கே இருந்த 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேடை இத்தாலியரின் அரியேட்டே கவசப் பிரிவு தாக்கியது. அந்தப் பிரிகேடுக்குத் துணைநின்ற, குமாரமங்கலம் பணியாற்றிய 2ஆம் பீல்டு ரெஜிமென்ட்டின் பீரங்கிகள் எதிரி டாங்கிகளை நேருக்குநேர் சுட்டன. நிலை வீழ்ந்தது, குமாரமங்கலம் சிறைப்பட்டார். இச்சமரில் காட்டிய வீரத்துக்கே அவருக்கு டி.எஸ்.ஓ. கிடைத்தது. இத்தாலியச் சிறைமுகாமில் உடனிருந்தவர்களுள் பின்னாளில் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தலைவரான யாகியா கானும் ஒருவர். அங்கிருந்து தப்பிய குமாரமங்கலம் மீண்டும் பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

பிற்காலம்: 1965 பாகிஸ்தான் போரின்போது துணைத் தலைமைத் தளபதி. 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை தலைமைத் தளபதி. தமிழகத்திலிருந்து அப்பதவியை எய்திய முதலாமவர் இவரே. அவர் பதவியேற்ற ஆண்டிலேயே பாகிஸ்தான் தரைப்படைக்கு யாகியா கான் தலைவரானார். 1967இல் நாதுலா, சோலா கணவாய்களில் சீனப் படை முறியடிக்கப்பட்டது. 1970இல் பத்ம விபூஷண் பெற்றார்.