தூசியும் சென்னைப் பொருளியற் கல்வியும்

அணைக்கட்டைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்து அமைந்த ஊர் தூசி. தமிழகப் பொருளியல் உயர்கல்வி வரலாற்றில் இவ்வூர்க்கு ஓரிடம் உண்டு.

1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையான வரலாற்றை ஆராய்ந்து 1907இல் நூல் இயற்றியவர் அவர். மேனாட்டு நூல்களை நெட்டுருச் செய்வதோடு இக்கல்வி முடிந்துவிடலாகாது என்பது அவர்தம் கருத்து. ஆதலின் மாணாக்கர் கையில் வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் சிற்றூர்களை ஆராய்ந்து வருமாறு பணித்தார். நிலம், கூலி, கடன், உணவு ஆகியன குறித்து அவர்கள் எழுதிக் கொணர்ந்தவை 1918இல் நூலாயின. தூசியும் அதன்கண் இடம் பெற்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. அந்நாளிற் கல்லூரி புக்கவர் பெரும்பாலும் நிலமுடையார் மக்களே. அன்னார் வினவியபோது, ஏரடித்துப் பிழைத்த கூலியாள் தன் கடனை உள்ளவாறு உரைத்திருப்பானோ? நிலப்பரப்பைப் பற்றிய குறிப்புகளை நம்பலாம். கடன் குறிப்புகளை அத்துணை எளிதில் நம்புதற்கில்லை. எனினும், பின்வந்தோர் ஒப்பிட்டுக் காண ஓர் அடிப்படை கிடைத்தது.

பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் பதிப்பித்த மீளாய்வு நூல் 1940இல் வெளிவந்தது. சிலேட்டர் காலத்தில் ஆராயப்பட்ட தென்னார்க்காட்டு இருவேல்பட்டிலோ, 2008இலும் ஆய்வாளர் சென்று வினவினர்.