வல்லத்துக் கல்லில் ஊர்ப்பேச்சு

செங்கல்பட்டுக்குக் கிழக்கே வல்லம் குன்றில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. காலம் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனுடையது. குடைவித்தவன், அவனுக்கு அடங்கிய தலைவன் ஒருவனின் மகன் கந்தசேனன். அந்தச் செய்தியைத் தமிழிலேயே வெட்டி வைத்தான்.

கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைக்கிற நான் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கத்தான் அங்கே போனேன். மனத்தில் நின்றது எழுத்துக்கூட்டல். மகேந்திரன் அங்கே ‘மயேந்திர’ன். பல்லவ அரசர்களின் பட்டமான போத்தரசர் ‘போத்தரெசரு’. கந்தசேனனின் தகப்பன் வசந்தப்பிரியன் ‘வயந்தப்பிரி அரெசரு’. ‘டாக்டரு வந்தாரு’ என்று எங்கள் தெருவில் பேசுகிறோமே, அந்தக் கடைசி உகரம் என் காதுக்குக் கல்லிலும் கேட்டது. பட்டங்களை அடுக்கி அரசன் பெயரைப் பொறிக்கிற இடத்திலும் வாயில் வந்த உச்சரிப்பை யாரும் மறைக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் எழுத்தின் வடிவமே பேசுகிறது. அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே வடமொழிச் சுலோகங்களை ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் வடநாட்டு நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டையும் 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்தார். கிரந்தம் தெற்கத்திக் கைப்பழக்கம். வளைந்து சுழிந்து ஓடும். நாகரியைப் பார்த்த மாத்திரத்தில் அது வடக்கத்தி எழுத்து என்று தெரிந்துவிடும். பொருள் மாறாமல், எழுத்தின் அமைப்பாலேயே ஊரைக் காட்ட முடியும் என்பதை அந்தச் சிற்பிகள் அறிந்திருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

பின்னால் வந்த ஐரோப்பியரும் தங்கள் காதில் விழுந்தபடியே எழுதினார்கள். சதுரங்கப்பட்டினம் ‘சத்ராஸ்’ ஆனது. கோவளம் ‘கோவ்லாங்’, செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’. அந்தப் பெயர்களை இன்று உரக்கப் படித்தாலும் அவர்கள் நாக்கு எங்கே தடுக்கியது என்று தெரியும்.

ஊர்ப்பேச்சைப் போர்டில் எழுதக் கூசுகிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கூச்சம் தேவையில்லை. நம் மாவட்டத்திலேயே அதற்கு 1,400 ஆண்டுச் சான்று இருக்கிறது. கல்வெட்டை எடுத்து எழுதுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: ‘அரெசரு’வை ‘அரசர்’ என்று திருத்தாதீர்கள். திருத்தினால் பொருள் மிஞ்சும், பேசியவரின் குரல் போய்விடும். பிள்ளைகளை வல்லத்துக்கு அழைத்துப் போங்கள்; கல்லில் இருக்கிறபடியே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.