தரங்கம்பாடி: கல்லும் ஏடும்

சோழநாட்டுக் கடற்கரையில் மதிலும் வாயிலும் கோட்டையுமாக விளங்கிய பழம்பதி தரங்கம்பாடி. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அக்கோயிற் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி எனக் குறிக்கிறது.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர், டேனியர் இங்குக் கோட்டை கட்டி வாணிகம் செய்ய இசைந்தார். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுக்கு அவர் பொன்னேட்டில் வரைந்த தமிழ்த் திருமுகம் கோபன்ஹேகனில் இன்றும் காக்கப்படுகிறது. தளபதி ஓவ் ஜெட்டே எழுப்பிய கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர்.

1792-இல் கட்டிய நகர்வாயிலைக் கடந்தால் இராசவீதி கடல்வரை நீள்கிறது. வழியில் 1701-இன் சீயோன் ஆலயம். அடுத்து 1718-இன் புதிய எருசலேம் ஆலயம். பின்னதில் துயில்பவர் சீகன்பால்கு.

1706-இல் வந்த அந்தச் செருமானியர், தம் இல்லத்திற்கே திண்ணைப் பள்ளியை வரவழைத்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் அகரம் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், தாம் தேடிச் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் வரைந்தார். அதில் தமிழர் இயற்றிய நூல்கள் மட்டும் 119; தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் அடங்கும். குறள் மூலம் அச்சேறியதோ 1812-இல்தான்! அப்பட்டியல் எழுந்த அதே 1708-இல் டேனிய ஆளுநர் அவரைக் கோட்டையிலேயே சிறையிட்டார்; நான்கு திங்கள் கழித்தே விடுதலை.

தமிழ் அச்சு 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தந்துவிட்டது. எனினும் அவ்வச்சுப்பணி பின்னர் அற்றுப்போயிற்று. தரங்கம்பாடிக்கு 1712-இல் அச்சுப்பொறி வந்தது; 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் நிறைவுற்றது. சமயம் பரப்புதலே அவர் நோக்கம். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதிய நூலை அவரை அனுப்பிய சபையாரே அச்சிட மறுத்தனர். அது 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. அவர் கற்ற தமிழ், அவரை வந்த நோக்கத்திற்கு அப்பாலும் அழைத்துச் சென்றது எனலாம்.

1845-இல் டேனியர் இவ்வூரையும் வங்காளத்துச் சேரம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டது. 2004-இன் ஆழிப்பேரலை ஊரையே உலுக்கியது. கோட்டை இன்று தொல்பொருள் அருங்காட்சியகம்.

மதில் விலைபோனது, கல்லைக் கடல் தின்றது, பொன்னேடும் சுவடிப் பட்டியலும் மட்டும் பேசுகின்றன. கொல்லி ஆண்ட வல்வில் ஓரியை நாம் அறிவதும் வன்பரணர் பாடியதால் அன்றோ? ஒரு சிற்றூரில் கூடிக் கவிதை படிப்போர்க்கும், வீட்டுப் பரணில் ஏடு காப்போர்க்கும் தரங்கம்பாடி சொல்லும் செய்தி இதுவே.