மூளைக் காந்தவரைவியல்

மூளைக் காந்தவரைவியல் (சுருக்கமாக எம்.இ.ஜி.) என்பது மூளையின் நரம்பணுக்களில் பாயும் மின்னோட்டங்களால் உண்டாகும் மிக நலிவான காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்து அளந்து பதிவுசெய்யும் முறையாகும். இதில் ஊசியோ எக்ஸ் கதிரோ கதிரியக்கப் பொருளோ பயன்படுத்தப்படுவதில்லை. இந்தியாவில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தில் இவ்வசதி உள்ளது. தமிழ்நாட்டில், கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இதற்கான உணரிகளை உள்நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

அடிப்படை

மின்னோட்டம் பாயும் இடத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். ஒரு நரம்பணுவின் புலம் அளக்க இயலாத அளவு சிறியது. மூளைப் புறணியில் இணையாக அமைந்த பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போதே அது வெளியில் புலப்படும். அப்போதும் அதன் அளவு ஏறத்தாழ 100 ஃபெம்டோ டெஸ்லா மட்டுமே. சென்னைப் பகுதியில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா ஆகும். அதாவது, மூளையின் புலம் இதில் சுமார் 40 கோடியில் ஒரு பங்கு.

மூளை மின்னலை வரைவில் (இ.இ.ஜி.) மண்டையோடு மின்குறிகளைச் சிதறச் செய்கிறது. காந்தப்புலமோ மண்டையோட்டைப் பெரிதும் மாறாமல் கடக்கிறது. ஆகவே குறி எழுந்த இடத்தை இம்முறையில் கூடுதல் துல்லியத்துடன் கணிக்கலாம். மாற்றங்களை மில்லி நொடி அளவில் பின்தொடரவும் முடியும்.

உணரியும் காப்பறையும்

இவ்வளவு சிறிய புலத்தை அளக்க ஸ்குவிட் எனப்படும் மீகடத்தி உணரி பயன்படுகிறது. இது 1962இல் பிரையன் ஜோசப்சன் முன்னறிவித்த விளைவை அடிப்படையாகக் கொண்டது. நையோபியத்தாலான இவ்வுணரிகள் மீகடத்து நிலையில் இருக்க, −269 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள திரவ ஹீலியத்தில் அமிழ்த்தப்படுகின்றன.

புற இரைச்சலை விலக்குவதே இதில் பெரிய சிக்கல். எடுத்துக்காட்டாக அம்பத்தூர், ஆவடி போன்ற பகுதிகளில் மின்தொடர்வண்டி, சரக்குந்து, தொழிற்சாலைப் பொறிகள் ஆகியவற்றால் எழும் காந்த மாறுபாடுகள் மூளையின் குறியை முற்றிலும் மூழ்கடித்துவிடும். எனவே அளவீடு, நிக்கல்-இரும்பு உலோகக் கலவையும் அலுமினியமும் கொண்ட சுவர்களையுடைய காப்பறையில் நடைபெறுகிறது. மேலும், எதிரெதிர்த் திசைகளில் சுற்றப்பட்ட கம்பிச்சுருள்கள் தொலைவிலிருந்து வரும் இரைச்சலைத் தம்முள் கழித்துவிடுகின்றன.

வரலாறு

1968இல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் கோகென் செப்புக் கம்பிச்சுருளைக் கொண்டு மூளையின் ஆல்ஃபா அலைகளின் காந்தப்புலத்தை முதன்முதலில் பதிவுசெய்தார். 1972இல் ஸ்குவிட் உணரியால் மேலும் தெளிவான பதிவைப் பெற்றார்.

கல்பாக்கத்தில்

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பொருளறிவியல் பிரிவினர் மெல்லிய நையோபியப் படலங்களிலிருந்து ஸ்குவிட் உணரிகளைத் தயாரித்தனர். இதயத்தின் காந்தப்புலம் மூளையினுடையதைவிடப் பல நூறு மடங்கு வலியது. அதனை அளக்க 37 தடங்கள் கொண்ட கருவியை இம்மையம் அமைத்தது. மூளைக்கான பல தட அமைப்பும் இங்கு உருவாக்கப்பட்டது.

மருத்துவப் பயன்

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயில், வலிப்பு தொடங்கும் பகுதியை அறுவையால் அகற்றுவது ஒரு சிகிச்சையாகும். அப்பகுதியைக் கண்டறிய எம்.இ.ஜி. உதவுகிறது. பேச்சு, கை அசைவு ஆகியவற்றுக்குரிய பகுதிகளையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் அறுவையின்போது அவற்றைக் காக்கலாம். பதிவின் முடிவுகள் எம்.ஆர்.ஐ. படத்தின்மீது பொருத்திக் காட்டப்படுகின்றன.

குறைபாடுகள்

வெளியே அளந்த ஒரே புலத்தை மூளையினுள் வெவ்வேறு மின்னோட்ட அமைப்புகள் உண்டாக்கக்கூடும். ஆதலால் இடக்கணிப்பு எப்போதும் சில எடுகோள்களைச் சார்ந்தது. ஆழமான பகுதிகளின் குறிகள் நலிந்தே கிடைக்கின்றன. காப்பறையின் விலையும், தொடர்ந்து ஆவியாகும் ஹீலியத்தின் செலவும் மிகுதி. இந்தியா ஹீலியத்துக்கு இறக்குமதியைச் சார்ந்துள்ளது.

ஹீலியம் தேவைப்படாத மாற்றாக, ரூபிடிய ஆவியையும் லேசர் ஒளியையும் பயன்படுத்தும் சிறு உணரிகள் உருவாகியுள்ளன. இவற்றைத் தலையில் அணிந்து, அசைந்தவாறே அளவிடலாம் என 2018இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தினரும் அவர்தம் கூட்டாய்வாளர்களும் செய்துகாட்டினர். அசையாதிருக்க இயலாத குழந்தைகளுக்கு இது பெரிதும் பயன்படும். எனினும், இவ்வுணரிகளுக்கும் காந்தக் காப்பறை தேவை.